ஃப்ளோரிகா சலூனில் உரக்கச் சொன்னது

ஒரு சேவலைக் கொடுத்தால் போதும், ஃப்ளோரிகா லிங்குரார் யாரை வேண்டுமானாலும் ரோமா இனத்தில் சேர்த்துவிடுவாள் என்று துர்தா ஊர் முழுக்கப் பேச்சு. விசாரித்ததில் பாதி உண்மை. சேவல் வந்தது. கொண்டுவந்தவள் பக்கத்துத் தெரு எஞ்சினியர் மனைவி. வருஷம் முழுக்க "இந்த ஜிப்சிகள்" என்று மூக்கைச் சுளிப்பவளுக்கு, ஜூலை வந்ததும் மகனுக்காகக் கல்லூரியில் ரோமா ஒதுக்கீட்டு இடம் இனித்தது. "உரக்கச் சொல்லுங்க" என்றாள் ஃப்ளோரிகா. வந்தவள் சேவலோடு கிளம்பிவிட்டாள்.

ஃப்ளோரிகா ரோமா சங்கத்தின் உள்ளூர்த் தலைவி. "இது எங்கள் பிள்ளை" என்று கல்லூரிக்கு எழுதிக் கொடுப்பது அவள் பொறுப்பு. முடி வெட்டுவது பிழைப்பு. ஆதாரம் கேட்கமாட்டாள். பெற்றவரில் ஒருவர், சனிக்கிழமை சலூன் கூட்டத்தில், கடைசி பெஞ்சுக்குக் கேட்கும்படி "நாங்க ரோமா" என்று சொன்னால் போதும். பொய்யென்றால் பெஞ்சே சிரித்துவிடும்.

அந்தச் சனிக்கிழமை நாற்காலியில் இருந்தவன் பஸ் டிரைவர் விர்ஜில். தன் முன்னோர் இத்தாலியர் என்று டிப்போவில் காலங்காலமாகச் சொல்லிவருபவன். மகள் தெனிசாவுக்கு மருத்துவம் படிக்க ஆசை. வாசலில் நின்றிருந்தாள்.

பாதித் தலை முடிந்தபோது விர்ஜில் குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, திங்கக்கிழமை கடைசி நாள். எழுதிக் குடுத்துடேன்."

"சொல்லு."

"காதோட சொல்றேனே."

"என் காதுக்கா சீட்டு வேணும்? உரக்கச் சொல்லு தம்பி."

பெஞ்சில் டிப்போ மெக்கானிக் மிர்ச்சா. "என்ன விர்ஜில், இத்தாலியில சலூனே கிடையாதா?"

விர்ஜில் கண்ணாடியில் மகளைப் பார்த்தான்.

"விடுங்கப்பா," என்றாள் தெனிசா. குரலில் கோபமே இல்லை. "நான் வேற ஏதாவது படிச்சுக்கறேன். வாங்க, வீட்டுக்குப் போலாம்."

அந்தக் கோபமில்லாத குரல்தான் அவனைக் கிளப்பிவிட்டது. போர்த்திய துணியோடு எழுந்தான்.

"ரோமாதான்யா! எங்கப்பன் ரோமா, நான் ரோமா, இதோ நிக்கறாளே எம்பொண்ணு, இவளும்தான்! போய் டிப்போல சொல்லு!"

பெஞ்சில் சிரிப்பே இல்லை. மிர்ச்சாதான் தொண்டையைச் செருமினான். "டிப்போல எல்லாருக்கும் தெரியுமேப்பா. உன் மனசு நோகக் கூடாதேன்னு இத்தாலின்னோம்."

ஃப்ளோரிகா கத்திரிக்கோலை வைத்துவிட்டு அங்கேயே எழுதிக் கொடுத்தாள். விர்ஜில் கடிதத்தையும் மகளையும் இழுத்துக்கொண்டு, துணியைக்கூடக் கழற்றாமல் தெருவில் நடந்தான்.

தெனிசாவுக்கு இடம் கிடைத்துவிட்டது. விர்ஜில் இப்போது வெயிலிலும் தொப்பியோடுதான் பஸ் ஓட்டுகிறான். சலூன் வாசலில் பஸ் மெதுவாகும்போதெல்லாம் ஃப்ளோரிகா கத்துகிறாள்: "தம்பி, பாதித் தலை பாக்கி!" அவன் ஹாரன் அடித்துவிட்டுப் போய்விடுகிறான்.