வண்டிக்கு ஒரு கீறல்கூட இல்லை

ஒகி புயல் வந்து எங்கள் பக்கத்து ரப்பரையும் வாழையையும் படுக்கப் போட்டுவிட்டுப் போனது நினைவிருக்கும். அதற்கு அடுத்து வந்த மாசி மாதம் இது நடந்தது. விழுந்த மரங்களை அப்போதும் அறுத்து லாரியில் ஏற்றிக்கொண்டுதான் இருந்தார்கள். எனக்கு வருஷக் கணக்கு மனசில் நிற்காது. புயலுக்கு முன், புயலுக்குப் பின் என்றால் நிற்கும். எங்கள் வீடு இரணியல் பக்கம். மகளைக் கட்டிக் கொடுத்தது அஞ்சுகிராமத்தில். அவளுக்குத் தலைப்பிள்ளை, ஏழாம் மாதம். பலகாரம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, பிரசவத்துக்கு அவளை எங்கள் வீட்டுக்கு அழைத்து வருகிற நாள்.

அதற்கு முன்னால் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் பள்ளிக்கூடத்தில் அதிக நாள் இருந்தவன் இல்லை. இதைக்கூட நான் சொல்லச் சொல்ல மருமகள்தான் எழுதுகிறாள். எனக்கு வாழைக்குலை வியாபாரம். தோட்டம் தோட்டமாகப் போய்க் குலை வெட்டி, லாரியில் அடுக்கி அனுப்புவேன். அதற்காக ஒரு பழைய ஜீப்பை ஓட்டிப் பழகியிருந்தேன். ஏற்றத்தில் நின்றுவிட்டால் இறங்கிக் கல் வைத்துவிட்டுத்தான் மறுபடி எடுக்க வேண்டும், அப்படி ஒரு ஜீப். அந்தப் பழக்கத்தை நம்பி, சவுதியில் வேலை பார்க்கும் மகன் லீவில் வந்தபோது ஒரு வெள்ளைக் காரை வாங்கி, சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனான்.

வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு. போனில் முகம் பார்த்துப் பேசுவான். அம்மாவைக் காட்டு என்பான், அடுத்து வண்டியைக் காட்டு என்பான். நானும் போனைப் பிடித்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வருவேன், கோயிலைச் சுற்றுகிற மாதிரி.

"அப்பா, பின்னால அந்தக் கோடு என்னது? போன வாரம் இல்லியே?"

கோடு விழாமல் என்ன செய்யும்? எங்கள் முடுக்கு இரண்டு மதிலுக்கு நடுவே போகிறது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முற்றத்தில் கார்களைச் சாளை மீன் அடுக்குகிற மாதிரி அடுக்கிவிடுவார்கள். ஆராதனை முடிந்து எல்லாரும் ஒரே நேரத்தில் பின்னால் எடுப்பார்கள். வாரம் ஒரு கோடு விழுந்தது. மகனுக்கு முகம் சுருங்கும். பாலைவனத்தில் கிடந்து சம்பாதித்து வாங்கியதல்லவா, எனக்கும் மனசு கேட்காது.

எங்கள் ஊரில் கேட்டும் ஜன்னல் கம்பியும் அடிக்கிற ஒரு வெல்டிங் பட்டறை உண்டு. அங்கே கொண்டுபோய் விட்டேன். பட்டறைக்காரர் பின் பம்பரைத் தட்டிப் பார்த்துச் சிரித்தார். என் நரையைப் பார்த்து எல்லாருக்கும் நான் பாட்டா, அதாவது தாத்தா.

"பாட்டா, இது வெறும் பிளாஸ்டிக்காக்கும். நான் ஒரு பைப்பு வச்சித் தாறேன். யானை வந்து முட்டினாலும் அசையாது."

பம்பரைக் கழற்றினார். உள்ளே தெர்மாக்கோல் மாதிரி வெள்ளையாக ஒரு நீளக் கட்டை இருந்தது.

"பாத்தியளா? லச்சக்கணக்குல ரூவா வாங்கீட்டு, உள்ள தெர்மாக்கோல வச்சி ஏமாத்தியிருக்கான்!"

நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தக் கட்டை இருந்தால் பைப்பைப் பிடிக்கிற இரும்பு உட்காராது என்று அதை எடுத்து ஓரமாகப் போட்டார். கேட்டுக்குப் போடுகிற கனத்த பைப்பை வளைத்து, வண்டியின் அடிச்சட்டத்தோடு சேர்த்துப் பற்றவைத்து, பிளாஸ்டிக் பம்பரை அதற்கு உள்பக்கம் திரும்ப மாட்டினார். மேலே வெள்ளிப் பெயின்ட். பின்னால் எடுக்கும்போது கீ கீ என்று சத்தம் போட்டு எச்சரிக்கிற ஒன்று அந்த வண்டியில் உண்டு. பைப் அதற்கு முன்னால் நின்றதால் அது ஓயாமல் கத்தியது. அதன் வயரையும் பிடுங்கிவிட்டோம். வெள்ளைக் கட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். என் மனைவி கோழிக்கூடு ஆடாமல் நிற்க அதற்கு அடியில் அண்டை கொடுத்து வைத்தாள்.

உள்ளதைச் சொல்ல வேண்டும், பைப் நன்றாகத்தான் உழைத்தது. முடுக்கு மதிலில் இடித்தால் மதிலில்தான் சிமென்ட் பெயர்ந்தது. சர்ச் முற்றத்தில் ஒருவர் வந்து முட்டினார், அவர் வண்டியில்தான் லைட் உடைந்தது. "இப்பக் கொள்ளாம்ப்பா, நல்லாருக்கு," என்று மகன் போனில் சிரித்தான். எனக்கும் பெருமைதான்.

அன்றைக்கு அஞ்சுகிராமத்தில் மத்தியானச் சாப்பாடு முடிந்து கிளம்பினோம். மருமகன் வேலை முடிந்து மறுநாள் வருவதாக ஏற்பாடு. பின் சீட்டில் மகளும் அவள் அம்மாவும். முந்திரிக்கொத்துப் பலகாரம் கொண்டுபோன, சம்பந்தி வீட்டார் திருப்பிக் கொடுத்த பாத்திரம் என் பக்கத்து சீட்டில். சுசீந்திரம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், அறுத்த வயலிலிருந்து ஒரு வாத்துக்கூட்டம் ரோட்டில் ஏறியது. வாத்துக்கு என்ன அவசரம்? ஒன்றின் பின் ஒன்றாக, கழுத்தை நீட்டிக்கொண்டு, கல்யாண வீட்டுக்குப் போவது போலப் போயின. நான் நிறுத்தினேன். "அம்மா, அந்தா ஒண்ணு நொண்டுது பாரு," என்று மகள் கழுத்தைத் திருப்பி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பின்னால் வந்த டெம்போ எங்கள் மேல் முட்டியது. பெரிய வேகம் ஒன்றும் இல்லை. ஆனால் மணியில் சம்மட்டியால் அடித்தது மாதிரி ஒரு சத்தம். வண்டி முழுக்க ஒரே உலுக்கு.

நான் கதவைத் திறந்து இறங்கினேன். நேரே பின்னால் போனேன். டெம்போவின் மூக்கு உள்ளே போயிருந்தது, ஒரு லைட் நொறுங்கிக் கிடந்தது. அதை ஓட்டிவந்தவர், முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும், ஒரு பாதிப்பும் இல்லாமல் குதித்து இறங்கினார். என் வண்டியைக் குனிந்து பார்த்தேன். பைப்பைத் துண்டால் துடைத்துப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை.

"பாத்தியாலே? எனக்க வண்டிக்கு ஒரு கோடு உண்டுமா?" என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன் என்று நினைக்கிறேன்.

உள்ளேயிருந்து மகள் குரல் வந்தது. சத்தம்கூடப் போடவில்லை.

"அப்பா, வண்டியப் பாத்தது போதும். என்னைய வந்து பாருங்க."

ஒரு கையால் பிடரியையும் மறு கையால் வயிற்றையும் பிடித்துக்கொண்டிருந்தாள். கழுத்தைத் திருப்ப முடியவில்லை. அவள் அம்மா வயிற்றில் கை வைத்துப் பார்த்து, "பிள்ள அனக்கமில்லாம, அசையாம கெடக்கே," என்றாள். நான் ஓடிவந்து டிரைவர் சீட்டில் ஏறினேன்.

டெம்போக்காரர் பார்த்தார். "பாட்டா, இந்த நெலையில நீங்க ஓட்ட வேண்டாம். நீங்க அங்கோட்டு இருங்க, நான் ஓட்டுதேன்," என்றார். தன் வண்டியை வயலோரம் அப்படியே விட்டுவிட்டு, எங்கள் காரில் ஏறி, நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். புதுக்கடை ஊர்க்காரர். மரச்சீனிக்கிழங்கு இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு திரும்பியவர். வழியெல்லாம், "எனக்க தப்புதான் பாட்டா, வாத்தப் பாத்திட்டு வந்தேன்," என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் திரும்பித் திரும்பி மகளையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

மகளை உள்ளே கொண்டுபோனார்கள். வெளியே பெஞ்சில் நாங்கள் மூன்று பேர். மனைவி வாய்க்குள் ஜெபம் செய்தாள். நடுநடுவே கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அடியே தேவலாம்.

"பாத்தியளா பாட்டா," என்றார் டெம்போக்காரர் மெதுவாக. "எனக்க வண்டி மூஞ்சி சப்பளிஞ்சு போச்சு, எனக்கு ஒண்ணுமில்ல. ஒங்க வண்டி அப்படியே நிக்குது, அந்த இடி முழுக்க உள்ள இருந்த ஒங்க மகளுக்குப் போச்சு."

அவர் சும்மா ஆச்சரியப்பட்டுச் சொன்னார். எனக்கு நெஞ்சில் குத்தியது. லாரியில் குலை அடுக்கும்போது நடுநடுவே காய்ந்த வாழைச்சருகைத் திணிப்போம். வழியில் குலுங்கும்போது சருகு நசுங்கும், காய் நசுங்காது. சருகைக் குறைத்துப் போட்ட ஆட்களை எத்தனை தடவை ஏசியிருக்கிறேன். கார் செய்தவன் பம்பருக்குள் வைத்திருந்த அந்த வெள்ளைக் கட்டைதான் சருகு. அதை எடுத்துக் கோழிக்கூட்டுக்குக் கொடுத்துவிட்டு, இருந்த இடத்தில் இரும்பை வைத்து, என் மகளை அதற்கு முன்னால் உட்கார்த்தி ஓட்டிவந்திருக்கிறேன்.

டாக்டரம்மா கதவைத் திறந்து, "உள்ளே வாங்க," என்றார்கள். மகள் வயிற்றில் ஒரு கருவியை வைத்திருந்தார்கள். குதிரை ஓடுகிற மாதிரி டக்கு டக்கு டக்கு என்று சத்தம். "இது பிள்ளையோட இதயம். நல்லா இருக்கு. கழுத்துலதான் பிடிப்பு. கொஞ்ச காலம் பட்டை போட்டுக்கணும். ஒரு நாள் இங்கேயே இருக்கட்டும், பாத்துட்டு அனுப்புறோம்." என் மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். டெம்போக்காரர் வாசலில் நின்று கண்ணைத் துடைத்தார். பிறகு பஸ் ஏறித் தன் வண்டியைத் தேடிப் போனார்.

மகள் வீட்டுக்கு வந்த மறுநாளே பட்டறைக்குப் போனேன். பைப்பை அறுத்து எடுக்கச் சொன்னதும் பட்டறைக்காரருக்குக் கோபம்.

"நல்ல வேலையாக்கும் பாட்டா இது! மெதுவா முட்டுததுக்கு இதுதான காவலு?"

"மெதுவா முட்டுததுக்கு நல்லதுதான் மக்கா. வேகமா வாறவன் சொல்லீட்டா வருவான்?"

அவர் அறுத்தார். துண்டாக வந்த பைப்பைக் கையில் வாங்கிப் பார்த்தேன். வளைந்த முனை ஒரு ஸ்கூட்டர்காரன் முழங்கால் உயரத்துக்குச் சரியாக நின்றிருந்தது. இத்தனை நாள் அதுவும் என் கண்ணில் படவில்லை. இப்படிக் கம்பி வைப்பது சட்டத்துக்கும் ஆகாது என்று பிறகு ஒருவர் சொன்னார். பழைய கட்டையைக் கோழிகள் பாதி கொத்தித் தின்றிருந்தன. புதிது வாங்கிப் போட்டோம். கீ கீ சத்தமும் திரும்பி வந்தது.

அதற்குப் பிறகு பம்பர் தப்பியது என்று சொல்ல மாட்டேன். முடுக்கு மதிலில் ஒரு மூலை வெடித்தது. சர்ச் முற்றத்தில் கோடு மேல் கோடு. இன்றைக்கு என் வண்டியின் பின்பக்கம் பார்க்கச் சகிக்காது. மகன் போனில் பார்த்துப் பெருமூச்சு விடுவான். மகள் கழுத்தில் அந்தப் பட்டை போட்டுக்கொண்டுதான் பிள்ளை பெற்றாள். பிள்ளை சுகம். ஆனால் அவளுக்கு இப்போதும் மழைக்காலத்தில் பிடரி வலிக்கும். அவள் தைலம் தேய்ப்பதைப் பார்த்தால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

உங்களுக்குத் தெரிந்த யாராவது வண்டி வாங்கி, கீறல் விழக்கூடாதென்று பட்டறைக்குக் கிளம்பினால், தயவுசெய்து நிறுத்தி இதைச் சொல்லிவிடுங்கள்: இடி என்று வந்துவிட்டால் யாராவது ஒருவர் அதை வாங்கித்தான் ஆக வேண்டும், அது வண்டியாக இருந்துவிட்டுப் போகட்டும்.