சாட்சிக்கு ஆள் சேர்த்த காலம்

நான் நல்லவன் என்று சத்தியம் செய்ய ஒருகாலத்தில் ஒஸ்லோவில் ஒரு சிறிய பஸ் நிறைய ஆட்கள் தயாராக இருந்தார்கள். இன்றைக்குக் கேட்டால் ஒன்றிரண்டு பேர் யோசித்துச் சொல்வார்கள். மற்றவர்களுக்கு என்மேல் கோபம். நான் கெட்டுப்போனேன் என்பதற்காக அல்ல. சொல்ல வந்ததைச் சொல்ல விடாமல் நீதிமன்றம் என் வழக்கை முடித்துவிட்டதற்காக.

இரண்டாயிரங்களின் முதற்பாதி. நானும் மனைவியும் பிரிந்திருந்தோம். அடிபிடிப்பட்டுப் பிரியவில்லை. நான் பேக்கரியில் விடியமுன் மாவு குழைக்கப் போவேன். அவளுக்கு முதியோர் இல்லத்தில் பின்னேர வேலை. நாங்கள் சந்தித்துக்கொண்டது பெரும்பாலும் வாசலில், ஒருவர் சப்பாத்துக் கழற்ற மற்றவர் சப்பாத்துப் போடும் இடத்தில். அங்கே நின்று சண்டை பிடிக்கத்தான் நேரம் காணும். சமாதானமாக நேரம் காணாது. கடைசியில் மனைவி ஐந்து வயது மகளையும் கூட்டிக்கொண்டு ஸ்டோவ்னரில் தம்பியாரின் வீட்டுக்குப் போய்விட்டாள். நான் அம்மருட்டில் அதே மாடிக் கட்டடத்தில் மிஞ்சினேன்.

நான் கேட்டது ஒன்றுதான். ஒன்றுவிட்ட வாரக்கடைசிகளில் மகள் என்னோடு வந்து தங்க வேண்டும். மனைவி மறுத்ததும் ஒரே காரணத்தால்தான்: விடியப்புறம் எழும்பி ஓடுகிற மனிதன் பிள்ளையைத் தனியே படுக்கவிட்டுப் போய்விடுவான். ஒரு வரிக் கேள்வி, ஒரு வரி மறுப்பு. இரண்டு வழக்கறிஞர்களும் சேர்ந்து இதைத் தலையணை மொத்தத்துக்கு எழுதினார்கள்.

என் வழக்கறிஞர் நெட்டையான, பொறுமையான ஒரு நோர்வே பெண்மணி. "நீங்கள் பிள்ளையோடு எப்படிப் பழகுகிறவர் என்று சொல்லக்கூடிய ஒன்றிரண்டு பேர் இருக்கிறார்களா?" என்று கேட்டார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு இருட்டுக்கூடத் தேவைப்படவில்லை. நல்ல வெளிச்சத்தில், சுவரில் மீன்பிடிப் படகுப் படம் தொங்கிய அந்த அறையிலேயே அரண்டேன். ஒன்றிரண்டு பேர் என்றால் யார்? அவர்கள் சொதப்பினால்? நேராக என் கட்டடத்தின் மேல்மாடியில் இருந்த அண்ணையிடம் ஓடினேன். எங்கள் ஆட்களின் கலியாணங்களுக்கு மண்டபம் பிடிப்பதிலிருந்து ஆளுக்கு எத்தனை றோல்ஸ் பொரிப்பது என்பது வரைக்கும் தீர்மானிப்பவர் அவர்.

"ஒண்டிரண்டு பேரோ? உம்மடை லோயருக்கு என்ன விசரே? அங்காலை அவளின்ரை ஆக்கள் திரண்டு வந்து நிக்கேக்கை நீர் ரெண்டு பேரோடை போய் நிப்பீரோ? ஆக்கள் வேணும் காணும். ஆக்களைக் கண்டால்தான் நீதிபதிக்கும் ஒரு மரியாதை வரும்."

எனக்கு அது நியாயமாகப் பட்டது. பெண் கேட்கப் போனாலும் காணிச் சண்டை தீர்க்கப் போனாலும் ஆட்களோடு போகிற சனம் நாங்கள். அண்ணை பேர் எழுதத் தொடங்கினார். கதை பரவியது. கொஞ்ச நாளில் நான் ஆளைத் தேடிப் போவது நின்று, ஆட்கள் என்னைத் தேடிவந்து குறைசொல்லத் தொடங்கினார்கள். குறொன்லாண்டில் முருங்கைக்காய் வாங்கப் போனேன். கடைக்காரர் மிச்சக் காசைத் தராமல் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"உம்மடை வழக்குக்கு எல்லாருக்கும் சொன்னீராம். எனக்கு மட்டும் ஒரு சொல்லு இல்லை."

"அண்ணை, அது கலியாணமில்லை, கோட்டு வழக்கு."

"ஆருக்குத் தெரியாது? உம்மடை பிள்ளைக்கு முதன்முதல் சோறு தீத்தேக்கை அரிசி ஆரின்ரை கடையிலை வாங்கினனீர்? நான் சாட்சியில்லாமல் வேறை ஆர் சாட்சி?"

அவரையும் சேர்த்தேன். அவரைச் சேர்த்தது தெரிந்து மீன்கடைக்காரரையும் சேர்க்க வேண்டி வந்தது. என் பக்கத்து எண்ணிக்கை ஸ்டோவ்னருக்கு எட்டியதும் மனைவியின் பக்கமும் ஏறியது. இரண்டு பக்கத்திலும் கேட்டுவிட்டார்களே என்று இரண்டு பக்கத்துக்கும் வருகிறேன் என்று சொன்ன நல்ல மனிதர்களும் இருந்தார்கள்.

நீதிமன்றம் பதில் எழுதியது. இவ்வளவு பேரையும் மொழிபெயர்ப்பாளர் வைத்து விசாரிக்க ஒரு முழு வாரம் வேண்டும்; அப்படி ஒரு வாரம் குளிர்காலம் முடியும்வரை இல்லை. குளிர்காலம் முடிந்தபோது மனைவியின் வழக்கறிஞருக்கு வேறு ஊரில் வழக்கு. பிறகு கோடை விடுமுறை. பிறகு நீதிபதி ஓய்வுபெற்றார். புதிதாக வந்தவருக்குத் தலையணையை முதலிலிருந்து வாசிக்க நேரம் தேவைப்பட்டது.

வழக்கின் வயதை நான் மகளின் வாயில் பார்த்தேன். பதிந்தபோது பாற்பற்கள் முழுதாக இருந்தன. முதல் ஒத்திவைப்பில் முன்பல் ஆடியது. அடுத்ததில் இரண்டும் போய், சிரித்தால் கதவு திறந்த வீடு மாதிரி இருந்தது. பிறகு அந்த இடத்தில் மரம் அரியும் வாளின் விளிம்பு போல் நெளிநெளியாகப் பெரிய பற்கள் முளைத்துவிட்டன. ஒரு பல் விழுந்ததையும் நான் பார்க்கவில்லை. எல்லாம் வாரநாட்களில் விழுந்தன.

எனக்குக் கிடைத்தது சனிக்கிழமைப் பின்னேரங்கள். தீர்ப்பு வரும்வரை ஸ்டோவ்னர் கடைத்தொகுதியில், மனைவியின் தம்பி பக்கத்தில் இருக்க, மகளைச் சந்திக்கலாம் என்று ஒழுங்கு. தம்பியார் நல்ல பிள்ளை. எங்கள் மேசைக்கு அடுத்த மேசையில் கோப்பியோடு இருந்து, எங்கள் கதை காதில் விழாதமாதிரி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வார். ஒருநாள் பகிடியாகக் கேட்டேன்.

"என்ன தம்பி, எனக்கு எதிராய்ச் சாட்சி சொல்லப் போறீராம்?"

"ஓம் அத்தான். அக்கா கேட்டவ."

"என்னத்தைச் சொல்லப் போறீர்?"

"அது இன்னும் சொல்லித் தரேல்லை." கொஞ்சம் யோசித்துவிட்டு, "உங்களுக்கும் ஒரு கோப்பி வாங்கட்டே அத்தான்?" என்றார்.

தொடக்கத்தில் மகள் என் மடியில் ஏறியிருந்துதான் கதைப்பாள். காசு போட்டால் ஆடுகிற குதிரை ஒன்று அங்கே இருந்தது. அதில் ஏற்றிவிட்டால் "அப்பா, பிடியுங்கோ, விடாதேங்கோ" என்று கடைத்தொகுதி அதிரக் கத்துவாள். நான் பிடித்துக்கொண்டே இருப்பேன். பிறகு குதிரைக்கு அவள் பெரிதாகிவிட்டாள். மேசைக்கு மறுபக்கம் இருக்கத் தொடங்கினாள். நான் கேட்கும் கேள்விகளுக்கு, சோதனையில் மாதிரி, முழு வசனத்தில் பதில் சொன்னாள்.

ஒரு சனிக்கிழமை ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்தேன். என் கண்ணைப் பார்த்து, நோர்வேக்காரர் மாதிரி, "தக்" என்றாள்.

எங்கள் வீடுகளில் அப்பாவுக்கு நன்றி சொல்கிற பிள்ளை கிடையாது. பிள்ளை கேட்கும், அப்பன் புறுபுறுத்துக்கொண்டு வாங்கிக் கொடுப்பான், பிள்ளை கையைத் தன் சட்டையிலும் வாயை அப்பன் சட்டையிலும் துடைக்கும். நன்றி என்பது பஸ் சாரதிக்கு, கடைக்காரருக்கு. "நல்ல பழக்கம், கெட்டிக்காரி" என்று நானும் சிரித்தேன். அன்றைக்கு அம்மருட்டில் இறங்க மறந்து அதே ரயிலில் நகரத்துக்குள் போய்விட்டேன்.

அந்தக் காலத்தில்தான் பிள்ளைகள் சம்பந்தமான வழக்குகளை நடத்தும் முறையை மாற்றினார்கள். இழுத்தடிப்பு பிள்ளைக்குக் கெடுதி. நீதிபதி முதலில் தாய் தகப்பனோடு ஒரு மேசையில் இருந்து கதைக்க வேண்டும். ஒத்துவந்தால் கொஞ்சக் காலம் நடத்திப் பார்க்க வேண்டும். சண்டை விசாரணை அதற்குப் பிறகுதான். என் வழக்கறிஞர் இதைத் தொலைபேசியில் சந்தோஷமாகச் சொன்னார்.

"சாட்சிகள்?" என்றேன்.

"தேவையில்லை. நீங்கள் இருவர் மட்டும்."

அத்தனை பேருக்குப் பின்னால் ஒளிந்திருந்தவனை, இனி நீயே வெளியே வந்து கதை என்றால்? மேல்மாடி அண்ணையோ கொதித்துப் போனார்.

"சாட்சியில்லாமல் வழக்கோ? மாப்பிள்ளை இல்லாத கலியாணம் மாதிரியெல்லே!"

"மாப்பிள்ளை நான் இருக்கிறன்தானே, அண்ணை."

"நீர் இருந்து என்னத்துக்கு?"

அந்த நாள் வந்தது. என்னிடம் இருந்த ஒரே கோட் கலியாணத்துக்குத் தைத்தது. பொத்தான் பூட்டுப்படவில்லை, மூச்சை உள்ளே இழுத்துப் பூட்டினேன். அதோடு மூச்சுவிடுவதும் நின்றது. நீதிமன்ற வாசலில் எங்கள் ஆட்கள் நின்றார்கள். ஒருவரும் கூப்பிடவில்லை, எல்லாரும் வந்திருந்தார்கள். என் பக்கமும் அவள் பக்கமும் ஒரே தூணடியில். அண்ணை இரண்டு பக்கத்துக்கும் றோல்ஸ் பங்கிட்டுக்கொண்டிருந்தார்.

உள்ளே நான் எதிர்பார்த்த உயர்ந்த ஆசனம் இல்லை. வட்டமேசை, கோப்பிக் குடுவை, கம்பளிச் சட்டை போட்ட ஒரு நீதிபதி அம்மா. மொழிபெயர்க்க வந்த பெண் தமிழ்நாட்டுக்காரி. எனக்கு நோர்வே மொழி போதுமானளவு தெரியும். பயத்தில் அன்று அது மட்டுமல்ல, தமிழும் போய்விட்டது.

"ஜட்ஜ் சொல்றாங்க சார், உங்க சாட்சிங்க யார் யாருன்னு எல்லாம் படிச்சாங்களாம். எல்லாரும் உங்களை நல்லவர்னு சொல்ல வர்றாங்க. மேடத்தோட சாட்சிங்க மேடத்தை நல்லவங்கன்னு சொல்ல வர்றாங்க. அவங்க ரெண்டையும் நம்புறாங்களாம். ரெண்டு நல்லவங்களுக்கு எதுக்கு ஒரு வாரம்னு கேக்குறாங்க."

நான் சிரித்தேன். பொத்தான் தெறித்து மேசையில் உருண்டு மனைவியின் முன்னால் போய் நின்றது. மனைவி அதை எடுத்து, என்னைப் பார்க்காமல், மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்தாள். எங்களுக்குள் எல்லாமே அப்படித்தான் போய்வந்துகொண்டிருந்தது.

என்ன பயம் என்று நீதிபதி அவளைக் கேட்டார். மனைவி மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தே சொன்னாள். "அக்கா, இவர் விடிய வெள்ளன வேலைக்குப் போனால் பிள்ளையோடை ஆர் இருக்கிறது எண்டு கேளுங்கோ."

"மேடம், நீங்களே அவர்கிட்ட தமிழ்ல கேளுங்களேன். நான் ஜட்ஜுக்குச் சொல்லிக்கிறேன்."

மனைவி மேசையைப் பார்த்தாள். பிறகு, பிரிந்த பிறகு முதல்தடவையாக, என்னிடம் கேட்டாள். "பிள்ளையோடை ஆர் இருக்கிறது?"

"சனி ஞாயிறு எனக்கு வேலையில்லை. கனகாலம் மாத்தி. நீங்கள் போன கையோடை மாத்தினனான்."

"எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே."

உண்மைதான். நான் கோவிலுக்குப் போகிறவன், குடிக்காதவன், ஊரில் கால்பந்து நன்றாக விளையாடியவன் என்று சொல்ல ஆட்கள் வாசலில் நின்றார்கள். சனிக்கிழமை எனக்கு வேலையில்லை என்று சொல்லத்தான் ஆள் இல்லை. என் வழக்கறிஞரும் அதை எங்கோ நடுவில் எழுதித்தான் இருந்தார். நல்லவன் என்பதன் அடியில் அது நசிந்து கிடந்தது.

கோப்பி ஆறமுன் முடிந்துவிட்டது. ஒன்றுவிட்ட வாரக்கடைசிகள், கோடைவரை நடத்திப் பார்ப்பது, பிறகு இதே மேசைக்கு வருவது. நீதிபதி பேனையை மூடிவிட்டு ஏதோ சொன்னார். மொழிபெயர்ப்பாளர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இதை நாங்க ஆரம்பத்துலேயே கேட்டிருக்கணும்னு சொல்றாங்க, சார்."

வெளியே வந்து முடிந்துவிட்டது என்றேன். சந்தோஷம் கொஞ்ச நேரம்தான். "அப்ப எங்களை ஒண்டும் கேக்கேல்லையோ?" என்றார் கடைக்காரர். கடையைப் பூட்டிவிட்டு வந்தவர். இன்றைக்கும் அவரிடம் முருங்கைக்காய் வாங்கினால் முற்றலாகத்தான் வருகிறது.

முதல் வெள்ளிக்கிழமை. மூன்று விதமான பழச்சாறு வாங்கினேன். கட்டிலின் திருகாணிகளை மூன்று தடவை இறுக்கினேன். அவள் கத்தினால் பிடிக்க ஒரு குதிரைகூட இல்லையே என்று பயந்து, ஒரு பெரிய பந்தும் வாங்கி வைத்தேன். தம்பியார் மகளை வாசலில் விட்டுவிட்டு, "வாறன் அத்தான்" என்று போய்விட்டார்.

மகள் சப்பாத்தை ஒழுங்காகச் சேர்த்து வைத்தாள். ஜக்கெற்றைக் கழற்றவில்லை. மேசைக்கு முன்னால் இருந்தாள். தோடம்பழச் சாறு ஊற்றினேன். "தக்" என்றாள். புட்டு வைத்தேன், சாப்பிடவில்லை. பிறந்து ஐந்து வயதுவரை தவழ்ந்து, விழுந்து, கிறுக்கிய வீடு. சுவரில் அவள் கிறுக்கலை நான் அழிக்கவில்லை. அது யார் கீறியது என்று கேட்டாள்.

கொஞ்ச நேரம் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பயந்த குரலில் கேட்டாள்.

"மாமா எங்கை இருக்கிறது?"

"மாமா வீட்டை போயிட்டார், செல்லம்."

"இல்லை. நாங்கள் இஞ்சை இருக்கேக்கை மாமா எங்கை இருக்கிறது?"

அப்போதுதான் விளங்கியது. அவளுக்குத் தெரிந்த அப்பா என்பது இரண்டு மேசை. ஒன்றில் நாங்கள், மற்றதில் மாமா. அடுத்த மேசை இல்லாத அப்பாவை அவள் கண்டதில்லை. என்னோடு தனியே இருக்க அவளுக்குப் பயமாக இருந்தது.

பகிடி ஒன்று தேடினேன். வரவில்லை. தொலைபேசியை எடுத்தேன்.

ஸ்டோவ்னரிலிருந்து அதே ரயில் பாதையில் சில தரிப்புகள்தான். தம்பியார் மூச்சிரைக்க வந்தார். நான் ஒன்றும் விளங்கப்படுத்தவில்லை, அவரும் கேட்கவில்லை. ஒரு கதிரையை இழுத்துக் குசினி ஜன்னலடியில் போட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார். வெளியே இன்னும் வெயில் இருந்தது.

மகள் அவரைப் பார்த்தாள். ஜக்கெற்றைக் கழற்றிக் கதிரையில் போட்டாள். பிறகு புட்டைத் தன் பக்கம் இழுத்து, கையால் குழைத்துச் சாப்பிடத் தொடங்கினாள்.

நான் கோப்பி ஊற்றிக்கொண்டுபோய் ஜன்னலடியில் வைத்தேன்.

"நான் எப்ப போக அத்தான்?" என்று மெல்லக் கேட்டார். "நீங்கள் சொன்னாப் போறன்."

நான் அவருக்கும் ஒரு தட்டில் புட்டு வைத்தேன்.