போய்ச் சேர்ந்ததா என்று கேட்காத புரோகிராம்

செம்மேட்டில் எங்கள் மிளகு விவசாயிகள் சங்கத்துக்கு இருப்பது ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதில் ஓடும் புரோகிராமை எழுதியது நான். வெளியூர்க்காரர் யாரும் வந்து எழுதித் தரவில்லை என்பதைச் சங்கத்துக்கு வருகிறவர்களிடம் முதல் காரியமாகச் சொல்லிவிடுவேன். கொஞ்சம் தலைக்கனம்தான். இருக்கட்டும், உழைத்துச் சம்பாதித்தது.

எங்களிடம் மிளகு வாங்கும் கம்பெனிக்கு ஒவ்வொரு விவசாயியின் தோட்டத்துப் படங்களும் போக வேண்டும். படம் போய்ச் சேர்ந்தவர் பெயர் பட்டியலில் ஏறும். அந்தப் பெயரில்தான் மூட்டை மலை இறங்கும், பணமும் அந்தப் பெயருக்கே வரும். மலையில் கிடைக்கும் நெட்டுக்குப் பெரிய படங்களை அப்படியே அனுப்ப முடியாது. சுருக்குவதற்குக் கம்ப்யூட்டரிலேயே ஒரு கட்டளை இருந்தது. பொட்டலமாகக் கட்ட இன்னொன்று, அனுப்ப மற்றொன்று. கறுப்புத் திரையில் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக நானே தட்டிக்கொண்டிருந்தேன். பிறகு, புரோகிராமே அந்தக் கட்டளைகளைக் கூப்பிட்டு வேலை வாங்கும்படி எழுதினேன். ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். கடைசியில் பச்சை எழுத்தில் ‘எல்லாம் முடிந்தது’ என்று வரும். அந்தப் பச்சையைப் பார்க்கும் ஆசைக்காகவே சும்மா இரண்டு முறை அழுத்தியிருக்கிறேன்.

எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு ‘நாடு’. போன அறுவடையின்போது ஒரு நாள் காலையில் கம்பெனியிலிருந்து போன் வந்தது. தேவனூர் நாட்டுப் படங்கள் வந்துவிட்டன, குண்டனி நாட்டுப் படங்கள் ஒன்றுகூட வரவில்லை, ஐந்து மணியோடு பட்டியலை மூடுகிறோம் என்றார்கள். நான் சண்டைக்கே போய்விட்டேன். எங்கள் பக்கம் எல்லாம் முடிந்துவிட்டது, உங்கள் பக்கத்தைப் போய்ப் பாருங்கள் என்று கத்திவிட்டு வைத்தேன்.

எதிரில் குண்டனி நாட்டுக்காரி ஒருத்தி நின்றிருந்தாள். என்னைவிட ஏழெட்டு வயது இளையவள். புருஷன் இறந்த பிறகு அவள் பறித்துக் காயவைத்த மிளகெல்லாம் கொழுந்தனார் பெயரிலேயே போய்க்கொண்டிருந்தது. இந்த வருஷம் தன் பெயரில்தான் போகும் என்று வீட்டில் ஒற்றைக்காலில் நின்று, என் பேச்சை நம்பிச் சங்கத்தில் சேர்ந்தவள். பட்டியலில் பெயர் இல்லையென்றால் மறுபடியும் கொழுந்தனார் மூட்டைதான்.

“ஏனுங்க்கா, முடிஞ்சுதுன்னு சொல்றீங்களே, யாரு சொன்னாங்க?” என்றாள்.

“அதான் பச்சையில வந்துச்சே.”

“அத எழுதி வெச்சது யாரு?”

“நான்தான்.”

“நீங்களே எழுதி வெச்சு நீங்களே படிச்சுக்கறீங்களா? பஸ்ஸுல ரெண்டு பலாப்பழம் குடுத்துவுட்டாலே, கீழ காரவள்ளியில எறங்கிருச்சுன்னு போன் வர்ற வரைக்கும் எங்கூட்டுல யாருக்கும் வேல ஓடாதுங்க்கா.”

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அத்தனை வளைவும் இறங்கி அடிவாரம் போன பிறகு, ‘எறங்கிருச்சுங்க’ என்று டிரைவர் சொல்லாமல் விட மாட்டோம். அவர் மறந்தால் மூன்று முறை போன் போடுகிற ஆள் நான். அப்படிப்பட்ட நான் எழுதிய புரோகிராம் கட்டளைகளை அனுப்பியதோடு சரி, போன காரியம் என்ன ஆயிற்று என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இத்தனைக்கும் ஒவ்வொரு கட்டளையும் வேலை முடிந்து திரும்பும்போது கையில் ஓர் எண்ணோடு வரும். பூஜ்யம் என்றால் காரியம் ஆயிற்று. வேறு எண் என்றால் ஆகவில்லை. அந்த எண்ணை என் புரோகிராம் வாங்கிப் பார்த்ததே இல்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

உட்கார்ந்து மாற்றினேன். பூஜ்யம் வராவிட்டால் அங்கேயே நில், யாருடைய படம், என்ன காரணம் என்று சொல். அவ்வளவுதான், ஆனால் பிழை பார்த்து முடிக்க மணி இரண்டாகிவிட்டது. குண்டனி நாட்டுப் படங்களைக் கொடுத்து ஓட்டினேன். முதல் படத்திலேயே நின்றது. சிவப்பில், டிஸ்க்கில் இடம் இல்லை என்று வந்தது. நான் எழுந்து சிரித்துக்கொண்டே கைதட்டினேன்.

“வேலயே நின்னுபோச்சு, நீங்க சிரிக்கறீங்க!” அவளுக்கு அழுகை முட்டியது.

“நின்னதுனாலதான் சிரிக்கறேன் கண்ணு. இத்தன நாளா நிக்காம பொய் சொல்லிட்டு இருந்துச்சு.”

இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது என் தங்கையின் கல்யாண வீடியோ. பத்திரமாக இருக்கட்டும் என்று நானே சங்கத்துக் கம்ப்யூட்டரில் போட்டு வைத்தது. இதை இன்றுவரை சங்கத்தில் யாரிடமும் சொன்னதில்லை. பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு அழித்தேன். மறுபடி ஓட்டியதும் பெயருக்குப் பெயர் பூஜ்யம் விழுந்தது. பச்சை எழுத்தைப் பார்த்தபோதுகூட எனக்கு இவ்வளவு பெருமையாக இருந்ததில்லை. இல்லாததை இல்லை என்று சொல்லத் தெரிந்த புரோகிராம் இப்போது என்னுடையது.

கடைசிப் படம் போகும்போது மணி நாலே முக்கால். அவள் நாற்காலியை விட்டு எழவில்லை. நானும் அவளை எழச் சொல்லவில்லை. கம்பெனிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். காலையில் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு, வந்து சேர்ந்த குண்டனி நாட்டுப் பெயர்களை வாசிக்கச் சொன்னேன்.

மூன்றாவது பெயர் அவளுடையது. கொழுந்தனார் ஐந்தாவது.

“இன்னொருக்கா மொதல்ல இருந்து வாசிக்கச் சொல்லுங்க்கா” என்றாள்.