ரேக் நின்ற அறை

கேபிள் இழுக்கும் கம்பெனியில் அவரை எல்லோரும் 'லேபிள்' என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தக் கட்டடத்தில் கம்பி இழுத்தாலும் அதன் இரண்டு முனையிலும் நம்பர் எழுதி ஒட்டாமல் ஏணியை விட்டு இறங்க மாட்டார். கூட வந்தவர்கள் சாப்பிட்டுக் கை கழுவி வந்த பிறகும் அவருடைய கால்கள் மட்டும் ஏணியில் தெரியும், தலை ஃபால்ஸ் சீலிங்குக்குள் இருக்கும்.

பதினாலு வருஷம் அப்படியே ஓடியது. ஒரு சமயம் ஒரு காப்பீட்டு அலுவலகத்தின் சர்வர் அறையை முழுக்க அவர்தான் கம்பி போட்டு முடித்தார். மறுநாள் ஒரு என்ஜினியர் வந்து லேப்டாப்பைத் திறந்து நாலு வரி தட்டினான். எங்கோ இருக்கிற தலைமை அலுவலகம் திரையில் வந்து நின்றது. லேபிள் கதவோரமாக நின்று அதை வாய் பார்த்துக்கொண்டிருந்தார். என்ஜினியர் திரும்பி, "நீங்க கொஞ்சம் வெளியில இருங்க, இங்க அனுமதி இருக்கறவங்க மட்டும்தான்" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். ஆனாலும் அந்த வார்த்தை அவருக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது.

நெட்வொர்க் சான்றிதழ்ப் பரீட்சை எழுதுவது என்று அந்த வாரமே முடிவெடுத்தார். தலையணை கனத்துக்கு ஒரு புத்தகம் வாங்கினார். இரண்டு அத்தியாயம் தாண்டுவதற்குள் கண்ணைக் கட்டியது. மூன்றாவது அத்தியாயத்தின் முதல் வரி, கையால் செய்து பார்க்காமல் இது விளங்காது என்றது. அவருக்கு அப்பாடா என்றிருந்தது. கையால் செய்வதென்றால் தனக்குச் சொல்லித்தரத் தேவையில்லையே. வீட்டிலேயே பெட்டிகளை வைத்துப் பழக ஒரு லேப் போட்டுவிட்டால் படிப்பு தானாக வந்துவிடும் என்று நம்பினார்.

மனைவியின் தம்பி ஒரு டேட்டா சென்டரில் வேலை பார்த்தான். லேப் போட என்னென்ன பெட்டி வாங்கலாம் என்று அவனிடம் யோசனை கேட்டார். "பெட்டியே வேணாம் மாமா. லேப்டாப்ல போடுற மாதிரி சாப்ட்வேர் இருக்கு, இலவசம்தான். கம்ப்யூட்டரை எல்லாம் சேத்துக் கட்டுற ஸ்விட்ச் அதுலயே பத்து ஓட்டலாம். நான் அப்படித்தான் பாஸ் பண்ணேன்" என்றான் மச்சினன். திரையில் தெரியும் பொம்மை ஸ்விட்சை வைத்து யார் வேலை கற்றுக்கொள்வார்கள் என்று நினைத்து, லேபிள் அதை இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிட்டார்.

சந்தைக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், மூடிய அலுவலகங்களின் பழைய சாமான்களை விற்கும் கடை ஒன்று இருந்தது. சனிக்கிழமை தவறாமல் அங்கே போய் நின்றார். மூன்று ஸ்விட்ச், இரண்டு ரவுட்டர், அவ்வளவுதான் தேவை. ஆனால் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு 'ஆனால்' இருந்தது. ஒன்றில் பழைய சாப்ட்வேர்தான் ஓடும். ஒன்றில் மெமரி போதாது. ஒன்றின் ஃபேன் விமானம் கிளம்புவது போல் இரைந்தது. ரவுட்டரோடு பேச வேண்டிய நீலக் கம்பியின் மறுமுனை இந்தக் காலத்து லேப்டாப் எதிலும் நுழையாது, அதற்கு ஒரு இணைப்பான் வேண்டும். முதலில் வாங்கியது போலி. எல்லாவற்றையும் கட்டம் போட்டு ஒரு நோட்டில் எழுதினார், ஒப்பிட்டார், அடித்தார், மறுபடி எழுதினார். "வீடு வாங்குறவங்ககூட இத்தனை தடவை வந்து பாக்க மாட்டாங்க சார்" என்று கடைக்காரர் சொன்னபோது அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார்.

இந்தக் கூத்தில் ஒன்றரை வருஷம் போயிற்று. புத்தகம் மூன்றாவது அத்தியாயத்திலேயே கவிழ்ந்து கிடந்தது.

பெட்டிகள் வந்து சேர்ந்ததும் எங்கே வைப்பது என்ற கேள்வி வந்தது. வீட்டில் இருந்தது ஒரு ஹால், ஒரு சமையலறை, இரண்டு அறைகள். சின்ன அறையில் மனைவி தையல் மெஷின் போட்டிருந்தாள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே தைத்தவள். அளவு நாடா இல்லாமலே ஆளைப் பார்த்துத் தோள் அகலம் சொல்லிவிடுவாள். கடையில் வாங்கிய ஜாக்கெட்டைப் பிரித்து, அந்த ஆளுக்கென்றே பிறந்தது போல் திருப்பித் தருவாள். அந்த அறையில் நல்ல வெளிச்சமும் ஆளுயரக் கண்ணாடியும் தாழ்ப்பாளும் இருந்தன. அக்கம்பக்கத்துப் பெண்கள் போட்டுப் பார்த்து, இழுத்துப் பிடித்து, இங்கே ஒரு விரல் குறை என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

அந்த அறையை எடுத்துக்கொள்ளட்டுமா என்று ஒரு காலைக் காப்பி நேரத்தில் கேட்டார். ஆறே மாசம், பரீட்சை முடிந்ததும் திருப்பித் தந்துவிடுகிறேன் என்றார். அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "சரிங்க, மெஷினை ஹாலுக்கு மாத்திக்கிறேன்" என்றாள்.

பெட்டிகளை அடுக்கும் இரும்புச் சட்டம், அந்த ரேக், அறையில் நின்றது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. கம்பிகளை வகிடு எடுத்தது போல் கட்டியிருந்தார். சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் சுவிட்சைப் போடுவார், ஐந்து பெட்டியும் ஒன்றாக இரையும், அந்த இரைச்சலில் உட்கார்ந்து ஃபேனை மாற்றலாமா, இன்னொரு ரவுட்டர் சேர்க்கலாமா என்று நோட்டைப் புரட்டுவார். அதுதான் படிப்பு என்று நினைத்திருந்தார்.

ஹாலில் தாழ்ப்பாள் ஏது? மகள் பாடம் படிப்பாள், பால்காரர் வருவார், கதவு திறந்தே கிடக்கும். அங்கே யார் துணி மாற்றிப் பார்ப்பார்கள்? ஒவ்வொருவராக வருவது நின்றது. அவர் கேட்ட ஆறு மாசம் ஒரு வருஷமாக நீண்டது. ஒருநாள் மனைவி, சீருடை தைக்கும் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், போகட்டுமா என்றாள். வீட்டிலேயே அடைந்து கிடப்பவள், நாலு பேரைப் பார்க்க ஆசைப்படுகிறாள் போல என்று அவர் சந்தோஷமாகத் தலையாட்டினார்.

பரீட்சைக்குப் போனார், தோற்றார். கொஞ்ச நஞ்சத் தோல்வி இல்லை. எந்த ஸ்விட்ச் எப்படி இரையும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவருக்கு, ஒரு நெட்வொர்க் முகவரியைப் பிரித்து எத்தனை கம்ப்யூட்டர் சேர்க்கலாம் என்று கணக்குப் போடத் தெரியவில்லை. பரீட்சை அறையை விட்டு வெளியே வந்து, படிக்கட்டிலேயே கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

அப்புறம்தான் மச்சினனுக்குப் போன் போட்டார். அவன் சொல்லிக் காட்டவில்லை. சாப்ட்வேர் எங்கே கிடைக்கும் என்று மட்டும் சொன்னான். சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, மூன்றாவது அத்தியாயத்திலிருந்து பிடித்தார். எட்டு மாசத்தில் பாஸ் பண்ணினார். அப்போது அவருக்கு நாற்பத்தாறு வயது.

ரேக்கைக் கழற்றிப் பெட்டிகளை வந்த கடைக்கே கொடுத்துவிட்டு, அறையைத் துடைத்து, மெஷினைத் தூக்கிப் பழைய இடத்தில் வைத்தார். மனைவி வாசலில் நின்று பார்த்தாள். "இனிமே எதுக்குங்க? வந்தவங்க எல்லாம் வேற ஆள் பாத்துக்கிட்டாங்க" என்றாள். திரும்ப வருவார்கள் என்றார் அவர். அவள் மறுநாள் சாப்பாட்டுக்குக் காய் நறுக்கப் போனாள். யாரும் வரவில்லை.

சான்றிதழ் வந்ததும் வேறொரு கம்பெனியில் வேலை கிடைத்தது. இப்போது லேப்டாப் பையோடு சர்வர் அறைக்குள் போகிறவர் அவர்தான். நாலாவது மாசம் கையில் கொடுத்த வேலைச் சீட்டில் அந்தச் சீருடைக் கம்பெனியின் பெயர் இருந்தது. ஒரு ஸ்விட்ச் பழுது.

அந்த ஸ்விட்ச் இருந்த அலமாரிக்குப் போகும் வழி தையல் கூடத்தின் ஓரமாகப் போனது. நீள நீள வரிசைகள். நாலாவது வரிசையில் அவளைப் பார்த்தார். இடது பக்கத்துக் கூடையில் காலர், வலது பக்கத்துக் கூடையில் காலர். ஒன்றை எடுத்தாள், ஊசிக்கடியில் வைத்து ஒரு வளைவு வளைத்தாள், போட்டாள், அடுத்ததை எடுத்தாள். அவள் தினமும் அங்கே தைப்பது காலர் மட்டும்தான் என்று அவருக்குத் தெரியும், சொல்லியிருக்கிறாள். ஆனால் கேட்டதற்கும் கண்ணால் பார்ப்பதற்கும் நடுவே இவ்வளவு தூரம் இருக்கும் என்று அவர் நினைக்கவில்லை. இருபது காலராவது பார்த்திருப்பார். அவள் ஒரு தடவையும் தைத்ததைத் தூக்கிப் பிடித்துப் பார்க்கவில்லை. வீட்டில் ஒரு சட்டைக் கையை வைத்துத் தைத்தால்கூடத் தூரப் பிடித்து, தலையைச் சாய்த்துப் பார்ப்பவள்.

தற்செயலாக நிமிர்ந்தவள் அவரைக் கண்டு சிரித்தாள். பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ சொன்னாள், என் வீட்டுக்காரர் என்று பெருமையாகத்தான் இருக்கும். அவருக்குப் பதிலுக்குச் சிரிக்க வந்தது, முழுசாக வரவில்லை.

வேலையை முடித்துவிட்டு அவளுக்கு மணி அடிக்கும் வரை வாசலில் காத்திருந்து, இருவருமாகப் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். தெருமுனை திரும்பினார்கள். பிறகு கேட்டார்:

"அன்னிக்கே வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல?"

அவள் கோபப்படவில்லை. பையைத் தோள் மாற்றிக்கொண்டாள்.

"அறையை எடுத்துக்கட்டுமான்னு கேட்டீங்க, சரின்னேன். உனக்கு என்ன ஆகும்னு நீங்க கேக்கலையே. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

சொல்லிவிட்டு, பஸ் வருகிறதா என்று தெருவைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் ஐந்து பெட்டிகளைப் பற்றி ஒரு நோட்டு நிறையக் கேள்வி எழுதியவருக்கு, அவளிடம் இப்போது எதைக் கேட்பதென்று தெரியவில்லை. பஸ் வந்தது. அவளுக்கு உட்கார இடம் கிடைத்தது. அவர் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி வந்தார்.