நனைந்த பன்னிரண்டு மெத்தை

மெத்தை தைக்கும் அவளுக்குத் தெருவில் 'தும்மல் அக்கா' என்றுதான் பேர். பதினெட்டு வருஷம் இலவம்பஞ்சோடு புழங்கியதில் மூக்கு அவள் பேச்சைக் கேட்பதில்லை. கை மட்டும் கேட்கும்.

படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்றின் புதுப் பகுதிக்குப் பன்னிரண்டு மெத்தை தைத்துக் கொடுத்திருந்தாள். அடுக்கி வைத்த அறையில் தண்ணீர்க் குழாய் உடைந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் யாரோ பார்த்தார்கள்.

நிர்வாகி கையை விரித்தார். "தூக்கிப் போட்டுட்டு ஃபோம் வாங்கிடலாம்மா. நாலு நாள்ல ஆளுங்க வந்துடுவாங்க."

"அந்த நாலு நாளை எனக்குக் குடுங்க சார். இந்தப் பஞ்சு மேல மெழுகு பூசின மாதிரி இருக்கும். தண்ணி லேசுல உள்ள எறங்காது."

வேன் ஓட்டும் கணவர் மெத்தைகளை வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவள் தையலைப் பிரித்து, பஞ்சை மொட்டைமாடியில் பரப்பி, காற்று அள்ளிப்போகாமல் கொசுவலையைப் போர்த்தினாள். மறுநாள் வானம் இருட்டியது.

"இலவு காத்த கிளி கேள்விப்பட்டிருக்கேன். வெயில் காத்த கிளிய இப்பதான் பாக்கிறேன்" என்றார் கணவர்.

"கேலி அப்புறம். ஒரு முனையப் பிடிங்க."

எல்லாம் கூடத்துக்கு வந்தது. அடுப்பை அணைத்தாள். சிகரெட்டோடு எட்டிப்பார்த்த எதிர்வீட்டுக்காரரை, "ஒரு பொறி போதும், வீடே போயிடும்!" என்று விரட்டினாள். மூன்றாம் நாள் வெயில் வந்ததும் மெல்லிய குச்சியால் தட்டத் தட்ட, கட்டியாய்க் கிடந்த பஞ்சு பூவாய் விரிந்தது.

ஆனால் அடுக்கின் அடியில் கிடந்த இரண்டு மெத்தையின் பஞ்சில் பூஞ்சை நாற்றம். போகவே இல்லை.

விஷயத்தைச் சொன்னதும் நிர்வாகி போனில் குரலைத் தாழ்த்தினார். "மத்ததோட கலந்துடுங்க. யாருக்குத் தெரியப் போகுது?"

"படுத்தே கெடக்கிறவங்க சார். மூச்சு முட்டினா எந்திரிச்சு ஓடவா முடியும்?"

அன்றே தன் கட்டிலில் கிடந்த பெரிய மெத்தையைப் பிரித்தாள். கணவர் வாயைத் திறக்குமுன், "நாம பாயில படுத்துக்கலாம்" என்றாள்.

நான்காம் நாள் பன்னிரண்டும் போய்ச் சேர்ந்தன. அவள் நர்ஸுகளைக் கூப்பிட்டாள். "மெத்தையத் தண்ணியில அலசாதீங்க. மாசம் ஒருதரம் வெயில்ல போட்டுப் புரட்டுங்க. கையால தட்டுங்க போதும், ஓங்கி அடிச்சா பஞ்சு ஒடிஞ்சு தூளாயிடும்."

புரட்டுவது எப்படி என்று காட்ட ஆள் வேண்டியிருந்தது. ஒரு முனையை நிர்வாகியே வந்து பிடித்தார்.