நீலம் வெளிறிய குழாய்

மலேரியா மறுபடி பரவிய காலம். அதற்கான மருந்துக் குளிசை விழுங்கிய என் தம்பிக்குச் சிறுநீர் கறுத்தது, செத்துப் பிழைத்தான். அவன் இரத்தத்தில் ஒரு நொதியம் குறைவு; அதனால்தான் அந்த மருந்து அவனுக்கு நஞ்சானது. தாய்வழியாக ஆண்பிள்ளைகளுக்கு வரும் அந்தக் குறையைத்தான் பிறகு நான் ஆராய்ந்தேன்.

அடுத்த மாரியில் அக்காவின் மகனுக்கும் அதே காய்ச்சல். கொக்கட்டிச்சோலையிலிருந்து வாவி கடந்து, அக்கா அவனை என் ஆய்வுகூடத்துக்குத் தூக்கிவந்தார்.

“தம்பிக்கு வந்த மாதிரி இவனுக்கும் வந்திருமோ எண்டு குளிசை குடுக்கல்ல.”

அவன் இரத்தத்தில் நீலச் சாயம் கலந்து, குழாயை இளஞ்சூட்டு நீரில் வைத்தேன். நொதியம் போதியளவு இருந்தால், அது ஊக்கியாகி நீலத்தைப் போக்கிவிடும். பலருக்குச் செய்த சோதனைதான். அன்று என்னால் கதிரையில் இருக்க முடியவில்லை.

நீலம் மெல்ல வெளிறி, சிவப்புத் தெரிந்தது.

“பயமில்ல அக்கா. குளிசையக் குடுங்க.”

அக்கா குழாயைப் பார்க்கவேயில்லை. என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, மகனுக்குத் தண்ணீர் கேட்டார்.