மகளின் முழங்காலில் ஒரு துண்டு

மூன்று வருடங்களுக்கு முந்திய ஒரு வைகாசி மாதம். உருத்திரபுரத்தில் எங்கள் வீட்டிலிருந்து ரியூசனுக்குப் போன என் மகள், பரந்தன் சந்திக்குக் கிட்ட சைக்கிளோடு விழுந்துவிட்டாள். அப்போது அவளுக்குப் பதினான்கு வயது. முழங்கால் வீங்கியிருந்தது. முறிவாக இருக்குமோ என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். எக்ஸ்ரே எடுக்கவேண்டும் என்றார்கள். எடுங்கோ, ஆனால் உள்ளே ஒரு செல் துண்டு கிடக்கிறது, சண்டைக்குள் வெடித்த குண்டின் இரும்பு, அதைக் கண்டு பயந்துவிடாதையுங்கோ என்று முன்கூட்டியே சொல்லிவைத்தேன். எங்கள் வீட்டு நாய் கடிக்காது, உள்ளே வாருங்கோ என்று சொல்வதுபோலத்தான் சொன்னேன்.

அந்தளவுக்கு அது எனக்குப் பழகிப்போயிருந்தது. சண்டையின் கடைசி மாதங்களில் நாங்கள் கடற்கரைப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தபோது அவளுக்கு ஒரு வயதும் நிரம்பவில்லை. இடுப்பில் வைத்திருந்தேன். வலக்கை விறைத்துப்போனதால் பிள்ளையை இடப்பக்கம் மாற்றினேன். இரண்டு எட்டு வைத்திருக்கமாட்டேன், செல் விழுந்தது. என் இடது தொடையில் ஒரு துண்டு ஏறியது. பிள்ளைக்கு முழங்காலுக்கு மேலே உட்பக்கமாக ஒரு கீறல். ஒரு கிழமையில் காய்ந்து தழும்பாகிவிட்டது. என் துண்டை எடுக்கப்போனால் நரம்பு பழுதாகும், அப்படியே கிடக்கட்டும் என்று பிறகு டொக்டர்மார் சொன்னார்கள். கிடக்கிறது. எங்கள் ஒழுங்கையில் மட்டும் துண்டோடு நடமாடுகிறவர்கள் நாலைந்து பேர். மழை வரப்போவது எங்களுக்குத்தான் முதலில் தெரியும்.

மகளுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது, குளிக்கவார்க்கையில் அந்தத் தழும்புக்குக் கீழே கல்லுப்போல ஒன்று என் கையில் தட்டுப்பட்டது. நோவில்லை என்றாள். அமர்த்திப் பார்த்தேன், அசையவுமில்லை. யாரிடமும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? பக்கம் மாற்றியது நான்தானே. வருடம் போகப்போக அது பெரிதாகித் தெரிந்தது. இரும்பு வளருமா என்று ஒருநாளாவது யோசித்தேனா என்றால் இல்லை. பிள்ளை வளர வளரத் துண்டு மேலே வருகிறது என்று நானே ஒரு வைத்தியமும் படித்து வைத்திருந்தேன். காட்டினால் வெட்டுவார்கள் என்ற பயம் வேறு.

ஓடினால் துண்டு நகர்ந்து நரம்புக்குள் போய்விடும் என்று அவளை ஓடவிடவில்லை. ஒவ்வொரு வருடமும் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முதல் பாடசாலைக்கு ஒரு கடிதம் எழுதுவேன், காலில் செல் துண்டு இருக்கிறது, ஓட்டத்தில் சேர்க்கவேண்டாம் என்று. மற்றப் பிள்ளைகள் ஓட, அவள் தங்கள் அணியின் இல்லக் கொட்டிலைச் சோடிக்கிற குழுவில் நின்று கலர்த்தாள் ஒட்டுவாள். துண்டு நகரக்கூடாது என்று வற்றாப்பளை அம்மனுக்குப் பொங்கலும் நேர்ந்திருந்தேன். அம்மனில் பிழை சொல்லமுடியாது. இல்லாத துண்டை அவா ஐந்து வருடமாக நகரவிடாமல்தான் வைத்திருந்திருக்கிறா.

எக்ஸ்ரேயில் முறிவு ஒன்றும் இல்லை. ஆனால் துண்டும் இல்லையாம். எலும்பில் ஏதோ கட்டிபோல வளர்ந்திருக்கிறது, வெள்ளிக்கிழமை எலும்பு கிளினிக்குக்கு வாருங்கோ என்று ஒரு காகிதம் தந்து அனுப்பினார்கள்.

கட்டி என்றால் எங்களுக்கு ஒரே அர்த்தம்தான். அந்த மூன்று நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. படம் பிழை என்று ஒரு மனம் சொன்னது. மற்ற மனம் பிள்ளையைத் தூக்கிக் கொடுத்துவிட்டு நின்றது. பிள்ளையின் காலில் இருப்பது செல் துண்டாகவே இருக்கட்டும் என்று கும்பிட்ட தாய் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

வெள்ளிக்கிழமை கிளினிக்கில் சனம் நிரம்பி வழிந்தது. எலும்பு டொக்டர் வயது குறைந்தவர். மகளின் காலை நீட்டவும் மடக்கவும் சொல்லிப் பார்த்தார், பாதத்தில் விறைப்பு இருக்கிறதா என்று கேட்டார், படத்தைப் பார்த்தார். அவர் வாய் திறக்க முதல் நான் வாதாடத் தொடங்கிவிட்டேன். உங்கள் மெசினுக்குத் துண்டு தெரியவில்லை, எனக்குத் தெரியும் என்றேன். வழக்குக்குப் போகிறவள்போல என் தொடையின் பழைய எக்ஸ்ரே படத்தையும் பையில் கொண்டுபோயிருந்தேன். அதை எடுத்து மேசையில் வைத்தேன்.

எனக்கு ஒரு ஏச்சு விழுந்திருந்தாலும் அது நியாயம்தான். வெளியே அத்தனை பேர் காத்திருந்தார்கள். அவர் என் படத்தை எடுத்து, மகளின் படத்துக்குப் பக்கத்தில் வெளிச்சப் பெட்டியில் செருகினார். கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பி எனக்கு இடம் விட்டார்.

“வடிவாப் பாருங்கோ அம்மா. ரெண்டும் ஒண்டோ?”

பார்த்தேன். என்னுடையது எலும்பைவிட வெள்ளையாக, ஓரமெல்லாம் கிழிந்ததுபோல, ஒன்றோடும் ஒட்டாமல் தனியே நின்றது. மகளுடையது எலும்பின் நிறத்திலேயே, எலும்பிலிருந்தே புறப்பட்டு, கிளைவிடப் பார்த்து நின்றுபோன கணுப்போல இருந்தது. எவ்வளவு நேரம் பார்த்தேனோ தெரியாது.

“இது எலும்புதான் டொக்டர்” என்றேன்.

ஓம் என்றார். வளர்கிற வயதில் சில பிள்ளைகளுக்கு எலும்பு இப்படி ஒரு முளை விடுமாம். புற்றுநோய் இல்லை. உயரம் வளர்வது நிற்கும்போது இதுவும் நின்றுவிடுமாம். நிம்மதியோடு எழும்பி வந்திருக்கலாம். ஆனால் யாருக்கும், என் மனுசனுக்குக்கூடச் சொல்லாத கதை ஒன்று வாயில் வந்துவிட்டது. அன்றைக்குக் கை விறைத்ததும் பக்கம் மாற்றியதும் எல்லாம் சொன்னேன். பக்கத்தில் இருந்த மகளும் அப்போதுதான் அதை முதன்முதலாகக் கேட்டாள். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனையை வைத்துவிட்டார்.

“செல்லுக்கும் இதுக்கும் ஒரு தொடர்பும் இல்லை அம்மா. நீங்கள் பிள்ளையை எந்தப் பக்கம் வச்சிருந்தாலும் இது வந்திருக்கும்.”

அழுதேன். வெட்கமில்லாமல் அழுதேன். அழுது முடித்ததும் என் குணம் திரும்பிவிட்டது. அப்படியென்றால் இன்றைக்கே வெட்டி எடுங்கோ என்றேன். அவர் சிரித்தார். தொந்தரவு தராததற்குக் கத்தி தேவையில்லை, வருடத்துக்கு ஒரு படம் எடுத்துப் பார்ப்போம் என்றார். நோவு கூடினாலோ, கால் விறைத்தாலோ, உயரம் நின்ற பிறகும் இது வளர்ந்தாலோ மட்டும் உடனே வரவேண்டும். பிறகு மகளிடம், நீ ஏதும் கேட்கவேணுமோ என்றார்.

“ஓடலாமோ?”

அவள் கேட்டது அந்த ஒன்றுதான்.

“ஓடலாம். ஏன், இவ்வளவு நாளும் ஓடேல்லையோ?”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவரிடம், தனக்குத்தான் அவ்வளவு விருப்பமில்லாமல் இருந்தது என்றாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அந்தப் பதினான்கு வயதுப் பிள்ளையிடம் நான் அன்றைக்குத் தோற்றுப்போனேன்.

அடுத்த வருடம் பாடசாலைக்கு இன்னொரு கடிதம் எழுதினேன், முந்திய கடிதங்களை எல்லாம் கிழித்துப் போடச் சொல்லி. இருநூறு மீற்றர் ஓட்டத்தில் ஆறு பேரில் அவள் ஐந்தாவதாக வந்தாள். முதலாவதாக வந்த பிள்ளையின் தாய்கூட என்னைப்போலக் கை தட்டியிருக்கமாட்டாள். இந்த வருடம் எடுத்த படத்தில் முளை போன வருடத்து அளவிலேயே நிற்கிறது.

எங்கள் இரண்டு பேரின் படங்களும் இப்போது ஒரே பையில்தான் இருக்கின்றன. எங்கள் பிள்ளைகளின் உடம்பில் இருப்பதெல்லாம் சண்டை வைத்துவிட்டுப் போனது என்று நினைத்திருந்த என்னை, சிலது சும்மா வளர்வதால் வருவது என்று என் கண்ணாலேயே பார்க்கவைத்து என் வாயாலேயே சொல்லவைத்த அந்த மனிதரை நினைக்கிற நேரமெல்லாம், இத்தனை வருடமாகப் பிள்ளையை இறக்கிவைக்காமல் இருந்த என் இடது இடுப்பில் பாரம் குறைகிறது.